கேள்வி-பதில்: ஆடிட் ஒரு நாள், மற்ற நாட்களுக்கு யார்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மில், பனியன் கம்பெனி சமாச்சாரம். அதனால் சினிமா, அரசியல் கேள்விகள் அடுத்த இதழுக்கு.

வேடசந்தூரிலிருந்து ஒரு வாசகி: பக்கத்து வீட்டுப் பெண் வேலை பார்க்கும் கம்பெனியில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' இருக்கிறதாம், அது வந்த பிறகு சூப்பர்வைசர்கள் வாயை அடக்கிப் பேசுகிறார்கள் என்கிறாள். இது அரசு போட்ட சட்டமா?

சட்டம் இல்லை. சங்கமும் கம்பெனியும் துணி வாங்கும் பிராண்டுகளும் சேர்ந்து போட்ட ஒப்பந்தம்.

2021 ஜனவரியில் உங்கள் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த ஒரு இளம்பெண் கொல்லப்பட்டதும், அவருடைய சூப்பர்வைசர் கைதானதும் உங்களுக்கு நினைவிருக்கும். செத்துப்போன பெண் சங்க உறுப்பினர். அந்தச் சங்கம்தான் டி.டி.சி.யு., அதாவது தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம். பெண்களே தலைமை தாங்கும் சங்கம், உறுப்பினர்களில் தலித் பெண்கள் அதிகம். ஒரு கொலை வழக்கோடு விட்டுவிடாமல், தையல் லைனில் தினமும் நடக்கும் கெட்ட பேச்சு, கை வைப்பது, டார்கெட் முடியவில்லை என்றால் எல்லோர் முன்னாலும் திட்டுவது இதெல்லாம்தான் கடைசியில் இங்கே கொண்டுவந்து விடுகிறது என்று அவர்கள் பிடிவாதமாகச் சொன்னார்கள். இரண்டு அமைப்புகள் கூடச் சேர்ந்தன. ஒன்று ஆசிய நாடுகளின் ஆடைத் தொழிலாளர் அமைப்புகள் சேர்ந்த ஏசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ், இன்னொன்று அமெரிக்காவின் குளோபல் லேபர் ஜஸ்டிஸ். ஒரு வருடத்துக்கு மேல் இழுத்து, 2022-இல் ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் ஹெச் அண்ட் எம், கேப், பி.வி.ஹெச். ஆகிய பிராண்டுகளும் கையெழுத்துப் போட்டன.

உள்ளே இருப்பது இதுதான்: 25 தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில் தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்கள். பக்கத்து மெஷினில் தைத்துக்கொண்டிருக்கும் பெண்தான் கண்காணிப்பாளர் என்பதால் புகார் சொல்ல ஆபீஸ் படி ஏற வேண்டாம், சாப்பாட்டு நேரத்தில் சொன்னால் போதும். அங்கே தீராதது சங்கமும் நிர்வாகமும் உட்காரும் கூட்டத்துக்குப் போகும், அங்கேயும் தீராவிட்டால் வெளியாட்களான நடுவர்களிடம் போகும். புகார் சொன்னதற்காகப் பழிவாங்கினால் அதுவே தனிக் குற்றம். முதல் வருடம் 185 புகார்கள் வந்து 182 தீர்ந்ததாக அறிக்கை சொல்கிறது, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள். இத்தனை புகாரா என்று கேட்காதீர்கள். புகாரே வராத கம்பெனிதான் எனக்குப் பயம்.

திருப்பூரிலிருந்து ஒரு செக்கிங் தொழிலாளி: எங்கள் கம்பெனியில் அடிக்கடி ஆடிட் வருகிறது, அதாவது வேலை நிலைமையும் பாதுகாப்பும் சரியா என்று சோதிக்க வெளியாட்கள் வருகிறார்கள். சுவர் நிறையச் சான்றிதழ். அப்புறம் எதற்கு தனியாக ஒப்பந்தம்?

நானும் ஒருமுறை ஆடிட் நாளில் ஒரு கம்பெனிக்குள் இருந்திருக்கிறேன், பெயர் வேண்டாம். காலையில் கட்டிங் மாஸ்டருக்கு இரும்பு வலைக் கையுறை வந்தது, கவர்கூடப் பிரிக்காதது. செக்கிங் டேபிளில் எல்லோருக்கும் புது மாஸ்க். எப்போதும் பூட்டிக் கிடக்கும் பின்வாசல் அன்று திறந்திருந்தது, அதை அடைத்து அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. ஆடிட்டர் ஐந்து பெண்களைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அந்த ஐந்து பேரைப் பொறுக்கி அனுப்பியது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் கார் கேட்டைத் தாண்டியதும் கையுறையைத் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

சிரிக்கிற விஷயம் இல்லை. 2012 செப்டம்பர் 11-இல் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். தீ வைத்ததாகப் பின்னால் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அது தனி வழக்கு. ஆனால் அத்தனை பேர் வெளியேற முடியாமல் போனது பூட்டிய வாசலாலும் கம்பி போட்ட ஜன்னலாலும். அந்த ஆலைக்கு எஸ்.ஏ.8000 என்ற நல்ல பெயருள்ள சான்றிதழ் கிடைத்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன!

அடுத்த ஏப்ரலில் டாக்கா பக்கம் தையல் கம்பெனிகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்தது. முந்தின நாள் சுவரில் விரிசல் தெரிந்தது, கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடிக்கொண்டன, தையல் தொழிலாளிகளை மட்டும் மறுநாள் உள்ளே அனுப்பினார்கள். செத்தவர்கள் 1,134 பேர். அங்கேயும் சில கம்பெனிகளுக்கு ஆடிட் நடந்துதான் இருந்தது, கட்டடம் தாங்குமா என்று பார்ப்பது ஆடிட்டர் வேலை இல்லையாம்.

அதன் பிறகுதான் இண்டஸ்ட்ரிஆல், யூனி என்ற இரண்டு உலகத் தொழிற்சங்க அமைப்புகள் பிராண்டுகளோடு ஆலைக் கட்டடப் பாதுகாப்புக்காக வங்கதேச அக்கார்டு என்ற ஒப்பந்தத்தைப் போட்டன. 200-க்கு மேற்பட்ட பிராண்டுகள், ஏறத்தாழ 1,600 ஆலைகள். கையெழுத்துப் போட்டுவிட்டுச் செய்யாத பிராண்டை நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். இழுத்தும் இருக்கிறார்கள். 2018-இல் பெயர் வெளியே சொல்லாத ஒரு பிராண்ட் 23 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. சான்றிதழ் கொடுத்த எந்த ஆடிட் கம்பெனியிடம் உங்களால் இப்படிக் கேட்க முடியும்?

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அமெரிக்க அமைப்புக்கு திண்டுக்கல்லில் என்ன வேலை? நம் தொழிலைக் கெடுக்கும் சதி என்று சொல்கிறார்களே!

சொல்பவர்கள் யார் என்று பார்த்தீர்களா தம்பி? சட்டை அமெரிக்காவில் விற்கலாம், ஆர்டர் அங்கிருந்து வரலாம், தைத்தவளுக்காகப் பேசுகிறவர் மட்டும் அங்கிருந்து வரக் கூடாதா?

லைனில் என்ன நடக்கிறது என்று தெரிந்தது உள்ளூர் சங்கத்துக்கு மட்டும்தான். ஆனால் அந்தச் சங்கம் பிராண்டின் தலைமை அலுவலகக் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்? அதற்கு அங்கே ஆள் வேண்டும். 2019-இல் ஆப்பிரிக்காவில் லெசோத்தோ நாட்டில் ஜீன்ஸ் தைக்கும் ஆலைகளில் இதே மாதிரி சங்கங்கள், பெண்கள் அமைப்புகள், லீவைஸ் உள்ளிட்ட பிராண்டுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருந்ததால், திண்டுக்கல்காரர்கள் முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை.

சதி என்பவர்களுக்கு ஒரு தகவல். 2022 ஜூலையில் அமெரிக்க சுங்கத் துறை நாச்சி சரக்குக்குத் தடை போட்டது. செப்டம்பரிலேயே அதை விலக்கிக்கொண்டது. நிலைமை சரிசெய்யப்படுகிறது என்று காட்ட அந்த ஒப்பந்தமே கையில் இருந்தது. ஆக, ஒப்பந்தம் ஷிப்மெண்டை நிறுத்தவில்லை, போக வைத்தது.

கோவையிலிருந்து ஒரு வாசகர்: இதில் ஐ.நா. எதுவும் செய்யாதா?

2011-இல் வணிகமும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டு நெறிகளை ஏற்றது. அரசு காக்க வேண்டும், கம்பெனி மதிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் வேண்டும். நல்ல வாசகங்கள்தான், மீறினால் அபராதம் கிடையாது.

கரூரிலிருந்து ஒரு முதலாளி: எல்லாப் பொறுப்பும் எங்கள் தலையில். பையர் பீஸுக்கு ஒரு ரூபாய் ஏற்றிக் கேட்டால் அடுத்த ஆளிடம் போய்விடுகிறான். அவனை யார் கேட்பது?

உங்கள் கோபத்தில் முக்கால்வாசி நியாயம். விலையை நசுக்கிவிட்டு, டெலிவரி தேதியை முன்னே இழுத்துவிட்டு, ஓவர்டைம் ஏன் என்று கேட்பது பையருக்கு வாடிக்கை. அதனால்தான் பையரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் வேண்டும் என்கிறேன். திண்டுக்கல்லில் ஆலை சொன்ன சொல்லை மீறினால் ஆர்டரில் கை வைக்க வேண்டிய கடமை பிராண்டுக்கு இருக்கிறது. ஆனால் பீஸ் விலைக்கு அது முழு மருந்து இல்லை, ஒத்துக்கொள்கிறேன். மீதிக் கால்வாசி? சூப்பர்வைசர் வாயை அடக்க எந்தப் பையரும் ரூபாய் ஏற்றித் தர வேண்டியதில்லை.

ஊர், பெயர் வேண்டாம் என்று எழுதிய சகோதரி: எங்கள் கம்பெனியில் சங்கமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. நான் என்ன செய்ய?

10 பேருக்குக் குறையாத இடம் என்றால், வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். தலைவர் பெண், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அதைவிடச் சின்ன இடம் என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் தருவார்கள். தேதி, நேரம், எந்த லைன், பக்கத்தில் யார் இருந்தார்கள் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு நோட்டில் குறித்து, அந்த நோட்டை வீட்டில் வையுங்கள், கம்பெனிக்கு எடுத்துப் போகாதீர்கள். அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடுங்கள்.