கம்பைல் ஆகிறது, ஓட்டினால் முடிவதே இல்லை: எலெக்டிவை மாற்றலாமா?

கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஃபங்ஷனல் புரோகிராமிங்கை எலெக்டிவாக எடுத்தேன். ஓகேமல் மொழி டைப்பையெல்லாம் (எது எண், எது பூலியன் என்ற வகையை) தானே கண்டுபிடித்துக் கம்பைல் செய்துவிடுகிறது. ஆனால் லேபில் என் ரிகர்ஷன் (தன்னையே திரும்ப அழைக்கும் ஃபங்ஷன்) முடிவதே இல்லை. இதற்கு வேலையும் கிடையாது என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். முதலில் லேப் பிரச்சினையைப் பார்ப்போம்.

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பிளஸ் 2 கணினி அறிவியல் படித்திருந்தால், முதல் பாடத்திலேயே ஏ-யின் பி-ஆம் அடுக்கைக் கணக்கிடும் 'பவ்' என்ற செயற்கூறு (ஃபங்ஷன்) நினைவிருக்கும்: பி பூஜ்யமானால் 1, இல்லையென்றால் ஏ * பவ் ஏ (பி - 1). டைப் எதையும் எழுதியிருக்க மாட்டார்கள். இஃப்-தென்-எல்ஸில் 'தென்' பக்கம் 1 வருவதால் விடை இன்ட், அதாவது முழு எண். பூஜ்யத்தோடு ஒப்பிடுவதால் பி இன்ட். பெருக்குவதால் ஏ-யும் இன்ட். கம்பைலர் செய்வதும் இதே வேலைதான். 1969-இல் ஹிண்ட்லியும் 1978-இல் மில்னரும் தனித்தனியே கண்ட முறை அதற்கு அடிப்படை.

அதே பாடத்தில் 'பி பூஜ்யத்துக்குக் குறையக் கூடாது' என்று ஒரு முன்நிபந்தனையும் உண்டு. பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பவ் 2 (-1) என்று கூப்பிட்டுப் பாருங்கள். -1, -2, -3 என்று பி இறங்கிக்கொண்டே போகும், பூஜ்யத்தைத் தொடாது. கடைசியில், முடியாத அழைப்புகளை வைத்திருக்கும் நினைவகமான ஸ்டாக் நிரம்பி ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. கம்பைலர் ஏன் தடுக்கவில்லை? -1-உம் இன்ட்தானே. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நிற்குமா என்று சொல்லிவிடக்கூடிய ஒரு பொதுவழி இருக்க முடியாது என்று டூரிங் 1936-லேயே நிறுவிவிட்டார். லீன், ராக் போன்ற நிரூபண மொழிகள் ஒவ்வொரு அழைப்பிலும் ஏதோ ஒன்று குறைகிறது என்று காட்டினால்தான் வழக்கமான ரிகர்ஷனை ஏற்கும். அதற்காக நீங்கள் சில சமயம் நிரூபணமும் எழுத வேண்டிவரும்.

உங்கள் நிரலில் முதலில் அடைப்புக்குறியைச் சோதியுங்கள். இந்தத் தவறைச் செய்யாத மாணவர் அரிது. பவ் ஏ பி - 1 என்று எழுதினால் ஓகேமல் அதை (பவ் ஏ பி) - 1 என்றுதான் படிக்கும். பி குறையவே குறையாது. டைப் மட்டும் சரியாக இருக்கும், எரரும் வராது. இன்னொன்று, பாதியாக்கிக்கொண்டே போகும் ரிகர்ஷன். பேஸ் கேஸை (ரிகர்ஷன் நிற்கும் இடத்தை) 1-இல் மட்டும் வைத்துவிட்டு 0 கொடுத்தால், பூஜ்யத்தின் பாதி மறுபடியும் பூஜ்யம்தான்.

டாப்லெவலில் (ஒவ்வொரு வரியாகக் கொடுத்து உடனே விடை பார்க்கும் ஓகேமல் திரையில்) #டிரேஸ் போட்டு ஓட்டுங்கள். ஒவ்வொரு அழைப்பின் மதிப்பும் திரையில் வரும். பத்து வரி பார்த்தாலே குறைகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்திக்கொள்ளலாம். பவ்-இல் பி பூஜ்யத்துக்குக் கீழே போனால் இன்வாலிட் ஆர்க் என்ற எக்செப்ஷனை (பிழை அறிவிப்பை) எழுப்பும் வரியையும் சேருங்கள்.

டைப்பும் சில சமயம் துப்புக் கொடுக்கும். எஃப் எக்ஸ் = எஃப் எக்ஸ் என்று மட்டும் எழுதிப் பாருங்கள். ஓகேமல் 'ஏ → பி' என்று பதில் சொல்லும். இங்கே ஏ, பி இரண்டும் எண்கள் அல்ல, எந்த டைப்பாகவும் இருக்கக்கூடிய டைப் மாறிகள். எதை வேண்டுமானாலும் வாங்கி, கேட்ட டைப்பில் விடை தருவேன் என்று வாக்குக் கொடுக்கும் ஃபங்ஷன் அது! விடையின் டைப்பைக் கட்டுப்படுத்த உள்ளே எதுவுமே இல்லாததால்தான் இப்படி. எந்த ஆர்கியுமென்டிலும் இல்லாத டைப் மாறி விடையாக வந்தால், அந்த ஃபங்ஷன் முடியாமல் சுற்றுகிறது, அல்லது ஃபெயில்வித் போல எக்செப்ஷன் எழுப்புகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எஃப் எக்ஸ் = எஃப் எக்ஸ் சுற்றும்போது ஸ்டாக்கும் நிரம்பாது. ஃபங்ஷன் கடைசியாகச் செய்வதே அந்த அழைப்பு என்பதால் சிபியு மட்டும் சூடேறிக்கொண்டிருக்கும்.

வேலை விஷயம். ஓகேமலுக்கு ஜேன் ஸ்ட்ரீட், இன்னொரு ஃபங்ஷனல் மொழியான ஹாஸ்கெலுக்குப் பெங்களூரின் ஜஸ்பே, ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி என்று நிறுவனங்கள் உண்டு. ஆனால் இடங்கள் குறைவு. அவற்றை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். கேம்பஸ் தேர்வுக்கு ஜாவா அல்லது பைத்தான், எஸ்க்யூஎல் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கற்றது அங்கேயும் உதவும்: ரஸ்ட், காட்லின், ஸ்விஃப்ட், டைப்ஸ்கிரிப்ட் எல்லாமே ஏதோ ஓர் அளவில் டைப்பை ஊகிக்கின்றன. இன்டர்வியூவில் ரிகர்ஷன் கேள்வி வந்தால், கோடு எழுதுவதற்கு முன்பு மூன்று விஷயம் சொல்லுங்கள்: எது குறைகிறது, எங்கே நிற்கும், எல்லா இன்புட்டும் அங்கே வந்து சேருமா.

ரெஸ்யூமேயில் 'ஓகேமல் தெரியும்' என்று மட்டும் போட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அதற்குப் பதில், டைப்பைத் தானே ஊகிக்கும் சின்ன நிரல் (டைப் இன்ஃபரன்ஸ்) ஒன்றை எழுதிக் கிட்ஹப்பில் போடுங்கள். எண், பூலியன், மாறி, இஃப், ஃபங்ஷன், அழைப்பு, லெட் ஆகியவை போதும். சில நூறு வரிகள்தான். இரண்டு டைப்களைப் பொருத்தும் யூனிஃபிகேஷனில் ஒரு சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்: ஒரு டைப் மாறி தனக்குள்ளேயே வருகிறதா என்று பார்க்கும் 'அக்கர்ஸ் செக்'. எக்ஸை எக்ஸுக்கே கொடுக்கும் ஃபங்ஷனை அதில் போட்டால் ஏ = ஏ → பி என்று சமன்பாடு வரும். சோதனை இல்லையென்றால் அந்த ஏ-வை விரிக்கப் போய், நீங்கள் எழுதிய இன்ஃபரன்ஸே முடியாமல் சுற்றத் தொடங்கும்.

அடிப்படை இன்னும் தடுமாறினால், சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் கழகத்துப் பேராசிரியர்கள் நடத்திய ஹாஸ்கெல் வகுப்புகள் என்பிடெல் இணையப் பாடத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாரம் நான்கு மணி நேரம் ஒதுக்கி, செமஸ்டர் தேர்வுக்கு முன்பே முடிக்கப் பாருங்கள்.