641 என்னும் சாவி

கேள்வி: 4294967297 பகா எண் அன்று என்பதை, நீண்ட வகுத்தல் இல்லாமல் என் மகளுக்கு விளக்க முடியுமா? வட்டிக் கணக்கை மனத்திலேயே போடும் என் அப்பச்சியும் விடையை எதிர்பார்க்கிறார்.
– வாசகி, தேவகோட்டை

பதில்: முடியும். 429 கோடியைத் தாண்டும் இந்த எண், 2³² உடன் 1 கூட்டினால் வருவது. 2இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்து, ஒவ்வொன்றுடனும் 1 கூட்டினால் வரும் இதே வரிசையில் முன்னால் நிற்கும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள் என்பதால், அடுத்ததும் அப்படியே இருக்கும் என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் என்னும் கணித அறிஞர் அதனை 641 வகுக்கும் என்று காட்டினார். இதன் பகாக் காரணிகளை 64ஆல் வகுத்தால் 1தான் மீதி வரும் என்பதால், 193, 257, 449, 577 ஆகியவற்றைச் சோதித்துத் தள்ளிய பின் ஐந்தாவதாக 641 வந்துவிடுகிறது.

இனி, வகுக்காமல் காண்போம். 640 என்பது 5 × 2⁷. அது 641ஐவிட ஒன்று குறைவு என்பதால், 640க்குப் பதிலாக −1ஐ இட்டாலும் மீதி மாறாது; −1இன் நான்காம் அடுக்கு 1 ஆகையால், 640இன் நான்காம் அடுக்கை 641ஆல் வகுத்தால் மீதி 1. அந்த நான்காம் அடுக்கோ 625 × 2²⁸. 625 என்பது 641 − 16 ஆகையால், 625க்குப் பதிலாக −16ஐ இட்டாலும் மீதி மாறாது. 16 × 2²⁸ என்பது 2³² அல்லவா? எனவே −2³² தரும் மீதியும் 1தான். அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும். இவ்வளவு அழகான நிறுவலைப் பள்ளி மாணவி ஒருத்தி தாளில் நான்கு வரியில் எழுதிவிடலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பே.

ஈவு 6700417, அதுவும் பகா எண். அப்பச்சி பெருக்கிச் சரிபார்க்கட்டும்.