கம்ப்யூட்டர் படித்த பெண்ணுக்குச் சட்டம் எதற்கு?

மகள் அமெரிக்காவில் சட்டம் படித்துச் சட்டப் பேராசிரியர் ஆக விரும்புகிறாள், நாலு வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தது வீணாகிவிடுமே என்று கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள் அம்மா. வீணாகாது. அமெரிக்காவில் ஒரு பட்டம் முடித்த பிறகுதான் சட்டமே படிக்கிறார்கள். ஜேடி என்பது அந்தச் சட்டப் பட்டம், மூன்று வருஷம். முதல் பட்டம் எந்தப் பாடத்திலும் இருக்கலாம்.

அதிலும் உங்கள் மகள் கேட்பது குற்றவியல் நடைமுறைச் சட்டமும் தொழில்நுட்பமும். போலீஸ் எதை, எப்போது வாரன்ட் இல்லாமல் தேடலாம் என்பதுதான் அங்கே ஓயாத சண்டை. கைதானவரின் செல்போனுக்குள் பார்க்கப் பொதுவாக வாரன்ட் வேண்டும் என்று 2014இல் ரைலி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018இல் கார்ப்பென்டர் வழக்கு. ஒருவர் 127 நாட்கள் எங்கெல்லாம் இருந்தார் என்ற செல்போன் கோபுரப் பதிவுகளை வாரன்ட் இல்லாமலே வாங்கியிருந்தார்கள். அது தவறு என்ற தீர்ப்பு 5-4 என்றுதான் வந்தது. கோபுரம் எதைப் பதிகிறது, எவ்வளவு துல்லியமாகப் பதிகிறது என்று புரிந்தவர் இந்தப் பாடத்தை நடத்தும் விதமே வேறு. இத்துறையில் பெயர்பெற்ற ஒரின் கெர் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவர். அமெரிக்க நீதித்துறையின் கணினிக் குற்றப் பிரிவில் வழக்கறிஞராக இருந்து, 2001இல் பேராசிரியர் ஆனார்.

சரி, வழி நீளம்தான். ஜேடி முடித்த கையோடு பேராசிரியர் வேலை கிடைப்பது அபூர்வம். நீதிபதியிடம் ஓரிரு வருஷம் கிளார்க் (குமாஸ்தா என்று நினைக்காதீர்கள், தீர்ப்புக்கு ஆராய்ந்து வரைவு எழுதுகிற, போட்டி மிகுந்த வேலை), அப்புறம் அரசு வழக்கறிஞர் அல்லது பப்ளிக் டிஃபெண்டர் (வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசு செலவில் வாதாடுபவர்) அலுவலகம், பிறகு ஃபெல்லோஷிப் என்ற தற்காலிக ஆய்வுப் பணி. இதற்கு நடுவே ஆய்வுக் கட்டுரைகளும் வெளிவந்திருக்க வேண்டும். மத்திய அரசுப் பதவிகள் பெரும்பாலும் குடிமக்களுக்கே. மகள் அங்கேயே பிறந்தவள் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

என் கவலை வேறு. கடன் வாங்கிப் படித்துவிட்டு, பேராசிரியர் பதவி கிடைக்காமல் போனால்? காலியிடங்கள் குறைவு. வழக்கறிஞராகவே இருந்துவிட்டாலும் சந்தோஷம்தானா என்று அவளிடம் கேளுங்கள். தயங்கினால் இப்போது சேர வேண்டாம்.

இன்னொன்று, எழுத்து. இந்த வேலையில் பாதி நேரம் தனியாக உட்கார்ந்து எழுதுவதுதான். கார்ப்பென்டர் தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான்கு மாறுபட்ட தீர்ப்புரைகளையும் சேர்த்து முழுக்கப் படித்து, எந்த நீதிபதியோடு ஒத்துப்போகவில்லை என்று ஐந்து பக்கம் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாரம் போதும். எழுதியதை எனக்கு அனுப்பட்டும், பார்த்துவிட்டு, சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட் பற்றிப் பேசலாம்.