டின் இறைச்சி வறுவல் ஏன் கூழாகிறது?

கேள்வி: ஒரு டின் இறைச்சியையும் டின் காய்கறிகளையும் உருளைக்கிழங்குடன் வதக்கி ஐந்து பேருக்குப் பரிமாறுகிறேன். செலவு குறைவுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் கூழாகி, உப்பும் கரிக்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: தவறு பெரும்பாலும் தண்ணீரில்தான் இருக்கிறது. டின் காய்கறிகளை வடிகட்டியில் கொட்டி, ஒருமுறை அலசி, நீர் சொட்டுவது நிற்கும்வரை விட்டுவிடுங்கள். உப்பும் ஓரளவு குறையும். 340 கிராம் இறைச்சி டின் ஒன்றுக்கு முக்கால் கிலோ உருளைக்கிழங்கை எடுத்து, சிறு சதுரங்களாக நறுக்கி, முக்கால் பதம் வேகவைத்து, ஆவி அடங்கும்வரை தட்டில் பரப்பி உலர்த்திய பிறகே வாணலியில் இட வேண்டும். டின்னை முன்கூட்டியே குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால் இறைச்சி இறுகி, கத்திக்கு உதிராமல் துண்டாகும். வெங்காயமும் கிழங்கும் பொன்னிறமானதும் இறைச்சியைச் சேர்த்து, கரண்டியால் லேசாக அழுத்திவிட்டு, ஐந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். அடியில் மொறுமொறுப்பான பொருக்குப் பிடித்து, ஓரங்கள் சிவந்து வரும்போதுதான் புரட்ட வேண்டும். ஓயாமல் கிளறும் கைக்கு (என் கையும் வெகுநாள் அப்படித்தான் இருந்தது) அந்தப் பொருக்கு கிடைக்காது. காய்கறிகள் ஏற்கெனவே வெந்தவை என்பதால், அவற்றைக் கடைசி மூன்று நிமிடங்களில் சேர்த்தால் போதும். சுவைத்துப் பார்க்காமல் உப்பிடாதீர்கள். மிளகுத்தூள் தாராளமாக இருக்கலாம். மூடி உப்பியிருக்கும் டின்னை மட்டும், சிக்கனம் கருதிக்கூடப் பயன்படுத்த வேண்டாம்.