ஜிரா ஆட்டோமேஷனில் பிரியாரிட்டியைப் பார்த்து டியூ டேட் தானாக விழ வைப்பது எப்படி?

நீங்கள் கேட்டது: ஜிராவில் (வேலைகளை டிக்கெட்டாகப் பதிந்து கண்காணிக்கும் மென்பொருள்) டிக்கெட்டின் பிரியாரிட்டி ஹை என்றால் 1 வேலை நாள், மீடியம் என்றால் 3, லோ என்றால் 7. ஒரே ரூலில் மூன்று கண்டிஷன் போட்டும் ஹை டிக்கெட்டுக்கு மட்டும் தேதி விழுகிறது, மற்றவை காலியாகவே நிற்கின்றன.

மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருப்பீர்கள். தனிக் கண்டிஷன் ஒன்று பொருந்தவில்லை என்றால் ரூல் அங்கேயே நின்றுவிடும், கீழே இருப்பதை எட்டிக்கூடப் பார்க்காது. ரூல் ஓடிய விவரம் பதிவாகும் ஆடிட் லாகிலும் எரர் என்று வராது. 'நோ ஆக்‌ஷன்ஸ் பெர்ஃபார்ம்டு' என்று சாதுவாக எழுதியிருக்கும், அவ்வளவுதான்.

அவற்றை எடுத்துவிட்டு 'இஃப்/எல்ஸ் பிளாக்' போடுங்கள். ரூலைத் தொடங்கிவைக்கும் டிரிகர் 'இஷ்யூ கிரியேட்டட்' (புதிய திரைகளில் இஷ்யூ இருந்த இடத்தில் வொர்க் ஐட்டம் என்று இருக்கும்). ஒவ்வொரு பிரியாரிட்டிக்கும் ஒரு கிளை, அதற்குள் டியூ டேட்டைப் போட ஒரு எடிட் ஆக்‌ஷன். மேலிருந்து பார்த்து முதலில் பொருந்தும் கிளை மட்டுமே ஓடும். ஹையஸ்ட், லோயஸ்ட் இரண்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹையஸ்ட்டை ஹை கிளையிலேயே சேர்த்துவிட்டு, கடைசியில் கண்டிஷன் இல்லாத எல்ஸ் ஒன்று வையுங்கள், எதிலும் பொருந்தாதவை அதில் விழும்.

தேதிக்கு ஸ்மார்ட் வேல்யூதான் (ரூல் ஓடும்போது ஜிராவே கணக்கிட்டு நிரப்பும் மதிப்பு). 'நவ்' என்பதோடு நேராக 'பிளஸ் பிசினஸ் டேஸ்' சேர்த்தால் பகலில் சரியாக வரும். ஆனால் 'நவ்' எடுப்பது யூடிசி நேரம், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம். பெங்களூரில் நைட் ஷிஃப்ட்காரர் செவ்வாய் அதிகாலை 2 மணிக்குப் போடும் டிக்கெட், அதன் கணக்கில் திங்கள் இரவு 8:30. டியூ டேட் ஒரு நாள் முன்னால் விழுந்துவிடும். அதனால் நடுவில் 'கன்வெர்ட் டு டைம்ஜோன்' போட்டு 'ஏசியா/கொல்கத்தா' கொடுங்கள். சனி, ஞாயிறை அதுவே தள்ளிவிடும். நவம்பர் 1 கர்நாடக ராஜ்யோத்சவ லீவெல்லாம் அதற்குத் தெரியாது.

யாராவது கையால் போட்ட தேதியை ரூல் அழிக்கக் கூடாது என்றால், பிளாக்குக்கு மேலே 'டியூ டேட் இஸ் எம்ப்டி' என்று தனிக் கண்டிஷன் வையுங்கள். ரூல் பாதியில் நிற்பது இங்கே நமக்குச் சாதகம்.

அதே ரூலில் மெயிலும் போகிறது என்றால், அதற்கு முன் டிக்கெட்டின் புதிய விவரங்களை மீண்டும் எடுத்துவரும் 'ரீஃபெட்ச்' ஆக்‌ஷன் வேண்டும். இல்லையென்றால் மெயிலில் தேதி காலியாகப் போகும்.

லாகில் 'ஃபீல்ட்ஸ் இக்னோர்டு' என்று வந்தால் ரூலை நோண்டாதீர்கள். அந்த இஷ்யூ டைப்பின் ஸ்கிரீனில் டியூ டேட் இருக்கிறதா என்று பாருங்கள்.