நிலாவெளி உப்பளத்தில் நிற்பது பாலைவனப் பறவையா?

திருகோணமலைக்கு அருகே நிலாவெளி உப்பளத்தில் நிற்பது பாலைவனப் பறவையா என்று நீங்கள் கேட்பது, மணல் நிற முதுகும் வெள்ளை வயிறுமாக ஓடி ஓடி நிற்கும் சிறு பறவையைப் பற்றி. அது பெரிய மணல் உப்புக்கொத்தியாக இருக்கலாம். துருக்கி முதல் மங்கோலியா வரையுள்ள வறண்ட தரைகளில், வெறும் மண்ணில் சிறு குழி பறித்துப் பெரும்பாலும் 3 முட்டை இடும். அங்கே வண்டும் கறையானும் தின்னும். ஆவணி, புரட்டாதி தொடக்கம் நம் கரைக்கு வந்தால் சேற்றில் புழுவும் குட்டி நண்டும்.

குழப்புவது சிறிய மணல் உப்புக்கொத்திதான். இரண்டும் கலந்தே நிற்கும். உடல் அளவை மட்டும் நம்பாதீர்கள். தனியாக நின்றால் ஏமாந்துபோவீர்கள். அலகைப் பாருங்கள். அலகின் அடியிலிருந்து கண்ணின் பின் ஓரம் வரையுள்ள தூரத்தைவிட அலகு தெளிவாக நீளமாகவும் தடித்தும் இருந்தால் பெரியது. ஏறத்தாழ சமமென்றால் சிறியது. தலையைச் சரியாகப் பக்கவாட்டில் திருப்பும்வரை காத்திருங்கள், சாய்ந்த கோணத்தில் எந்த அலகும் குட்டையாகத்தான் தெரியும். பெரியதன் கால் வெளிறிய பச்சை கலந்த சாம்பல். சேறு அப்பியிருந்தால் அதுவும் சிறியதன் கால்போலக் கறுப்பாகத் தெரியும். பறக்கும்போது பெரியதன் கால்விரல்கள் வாலைத் தாண்டி நீளும். பின்கழுத்தில் முழு வெள்ளைப் பட்டை இருந்தால் இரண்டுமே இல்லை, கெண்டிஷ் உப்புக்கொத்தி போன்ற வேறொன்று.

காலை வெயில் ஏறுமுன், சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கப் பாருங்கள். மதியக் கானலில் அலகின் வடிவமே கலைந்துவிடும். கொட்டியாரக் குடாப் பக்கமென்றால் கடல் வற்றும் நேரம் போங்கள்.