எல்லை தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகும் கர்ப்பிணிகளுக்கு நர்சம்மாவின் பதில்கள்

(பதில் சொல்பவர் கம்பம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

நெடுங்கண்டம் பக்கம் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் உத்தமபாளையம் முகவரி. ரெண்டு மாசம் தள்ளிப்போயிருக்கு. கேரளா ஆஸ்பத்திரியில் பார்ப்பார்களா, நர்சம்மா?

பார்ப்பார்கள்மா. அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிக்குப் பரிசோதனை, பிரசவம், ஆபரேஷன், மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாமே இலவசம். 2011 முதல் நாடு முழுக்க இதுதான் விதி. முகவரியைக் காட்டி யாராவது இழுத்தடித்தால் வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர் இருப்பாரே, அந்த வார்டு ஆஷா பணியாளர், அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆனால் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை தமிழ்நாட்டுத் திட்டம். 14,000 ரூபாய் பணம், 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பொருள். 19 வயது முடிந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். அதனால் 12 வாரத்துக்குள் ஒரு தடவை ஊருக்கு வந்து, செவிலியரிடம் பிக்மி எண் (கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். அங்கே கொடுக்கும் தாய் சேய் அட்டையையே கேரளாவிலும் நீட்டி, அதிலேயே எழுதச் சொல்லுங்கள். ரெண்டு அட்டை வைத்துக்கொண்டால் எந்த ஊசி எங்கே போட்டது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. எத்தனை தடவைதான் கட்டாயம்?

குறைந்தது நாலு. 12 வாரத்துக்குள் ஒன்று, 14 முதல் 26க்குள் ஒன்று, 28 முதல் 34க்குள் ஒன்று, 36க்கு மேல் ஒன்று. மாதாமாதம் 9ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரே பார்ப்பார். ஒரே ஜீப்பில் போகிற கர்ப்பிணிகள் சேர்ந்து அன்றைக்குப் போனால் கங்காணியிடம் பேசுவதும் சுலபம்.

கூட்டம் போட்டு "விழிப்புணர்வு இல்லை" என்று பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. உதவித்தொகை எப்போதோ வரும், கூலி இன்றைக்கே போகிறது. அதை யார் ஈடு கட்டுவது?

சத்து மாத்திரை போட்டால் குமட்டுது, மலம் கறுப்பாகப் போகுது. நிறுத்திடலாமா, அக்கா?

நிறுத்தாதீர்கள். கறுப்பாகப் போவது இரும்புச்சத்தால்தான், பயமில்லை. ராத்திரி சாப்பிட்ட பிறகு போடுங்கள், குமட்டல் குறையும். கட்டன்சாயாவோடு மட்டும் வேண்டாம், டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறு நல்லது. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின், 11 கிராமுக்குக் கீழே என்றாலே ரத்தசோகை. 7க்குக் கீழே போனால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிதான்.

தோட்டத்தில் பூச்சிமருந்தடிக்கிற அன்றைக்குக் காய் பறிக்கப் போகலாமா?

கூடாது. பக்கத்துக் காட்டில் அடித்தாலும் கூடாது.

பேறுகால விடுப்பு எங்களுக்குக் கிடைக்குமா?

முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பெரிய எஸ்டேட்டில் கேட்டு வாங்கலாம், வருகைப் பதிவில் உங்கள் பெயர் ஏறுகிறதா என்று இப்போதே பாருங்கள். சின்னத் தோட்டத்தில் நாள்கூலிக்குப் போகிறவர்களுக்கு இது பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

கட்டப்பனையில் குழந்தை பிறந்தால் பிறப்புச் சான்று எங்கே வாங்குவது?

பிறந்த இடத்தில்தான், 21 நாளுக்குள் பதிய வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே பெயர், முகவரி எழுத்துப் பிழையில்லாமல் ஏறியிருக்கிறதா பாருங்கள். மலையாளத்தில் எழுதியிருந்தால் யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.